முகத்தைப் படிக்கும் காமிரா

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ என்னும் நாவலில், லண்டன் மக்களை வீட்டுக்குள்ளும் ஒரு திரை கண்காணித்துக்கொண்டே இருக்கும். அதே லண்டனின் தெருக்களில், 2020 முதல், முகத்தை அடையாளம் காணும் காமிராக்களைப் போலீசார் பயன்படுத்தி வருகின்றனர். இவை எவ்வாறு வேலை செய்கின்றன?

காமிராவில் பதியும் முகத்தின் அமைப்பைக் கணிப்பொறி எண்களின் வரிசையாக மாற்றுகிறது. தேடப்படுவோரின் எண்களுடன் அதை ஒப்பிடுகிறது. ஒற்றுமை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எச்சரிக்கை தருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 1,00,000 பேர் காமிராவைக் கடக்கிறார்கள். அவர்களுள் தேடப்படுவோர் 10 பேர் என்று கொள்வோம். கருவி ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டினாலும், ஏறக்குறைய 100 நிரபராதிகள் சிக்குவர். பத்துப் பேரும் அகப்பட்டாலும்கூட, 110 எச்சரிக்கைகளில் 100 பொய்யானவை! ஒற்றுமையின் அளவை உயர்த்தினால் பொய் எச்சரிக்கைகள் குறையும். ஆனால் தேடப்படுவோரும் நழுவிவிடுவர்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஒரு கடைத் திருட்டு வழக்கில் காமிராப் படத்தை ஒப்பிட்ட கணிப்பொறி தவறான ஆளைக் காட்டிற்று. 2020 ஜனவரியில் போலீசார் அவரை மனைவி, மக்கள் கண்ணெதிரே கைது செய்தனர். சுமார் 30 மணி நேரம் அவர் காவலில் கிடந்தார்.

கருவி சொல்வது ‘இவரைப் போலிருக்கிறது’ என்பதே. ‘இவர்தான்’ என்று சொல்லச் சாட்சியம் வேண்டும்.