பழைய வர்ணம் உரிகிறது!

சென்னிமலை என்றதும் முருகன் கோயிலும் கைத்தறிப் போர்வையும்தான் நினைவுக்கு வரும். நூலுக்குச் சாயம் ஏற்றும் ஊர் அது. சாயப் பட்டறையில் புழங்கும் காஸ்டிக் சோடாவுக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது! வாட் சாயத்தைத் தண்ணீரில் கரைக்க உதவும் அந்தக் காரமே, இரும்புத் தகட்டில் ஒட்டிக் கிடக்கும் பழைய வர்ணத்தையும் கிளப்பிவிடும்.

என்பீல்டு இந்தியா கம்பெனி சென்னையில் 1955-இல் தொடங்கியது. தாத்தா ஓட்டிய புல்லட்டைப் பேரன் புதுப்பிக்கிற காலம் இது. பழைய வர்ணத்தை முழுதும் உரித்தே ஆகவேண்டுமா? வேண்டியதில்லை. பூச்சு கெட்டியாக இருந்தால் உப்புத்தாள் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாலே போதும். கொப்புளமும் வெடிப்பும் கண்டு, அடியில் துரு ஓடியிருந்தால்தான் உரிக்கவேண்டும். அப்படிப்பட்ட தகட்டின் மேலேயே புது வர்ணம் அடிப்பது அழுக்கு வேட்டிக்கு நீலம் போடுவது போன்றதுதான்.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டின் உட்புறம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான். காஸ்டிக் நீரில் அலுமினியத்தைப் போட்டால் வர்ணத்தோடு உலோகமும் கரைந்துபோகும். தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். இரும்பு மட்கார்டுக்குத் தொந்தரவில்லை. காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஒரு துளி போதும், கண் போய்விடும். பெட்ரோல் டாங்கியின் அருகே தீயே கூடாது. காலி டாங்கியில் மிஞ்சும் ஆவிதான் வெடிக்கும்.

கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடிப்பாகத் தடவி, காயாமலிருக்கப் பாலிதீன் தாளால் மூடிவைத்தால், சற்று நேரத்தில் வர்ணம் பாலாடைபோலச் சுருங்கி எழும். பட்டித் தகட்டால் வழித்துவிடலாம். முன்னொரு காலத்தில் நசுங்கிய இடத்தை மறைத்துப் பட்டி பார்த்தவருடைய கைவேலையும் அப்போதுதான் அம்பலமாகும்! பிளாஸ்டிக் தகட்டில் மட்டும் இதைத் தடவாதீர்கள், தகடே இளகிவிடும்.

இந்த ரிமூவர்களில் பலவற்றில் மெதிலீன் குளோரைடு இருக்கும். சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே கொதிக்கும் திரவம் அது. கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் எப்படி ஆவியாகும் என்று சொல்லவேண்டுமா? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கும். சுவாசித்தால் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் தடுக்கும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையையும் அது ஊடுருவும். அமெரிக்காவில் 2019-லேயே பொதுமக்களுக்கு இந்த வகை ரிமூவர் விற்பதைத் தடைசெய்தார்கள். நம் பட்டறைப் பையன்களோ வெறுங்கையோடு குனிந்து வேலை செய்கிறார்கள்.

உப்புத்தாளிலும் ஆபத்துண்டு. பழைய மஞ்சள், சிவப்பு வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. வண்டி வர்ணம் அந்த விதியில் சேரவில்லை. எனவே உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும்.

வழித்த கழிவை எங்கே கொட்டுவது? சாக்கடையில் வேண்டாம். இந்த வட்டாரத்துக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நொய்யல் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையானதை அருகிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள். மூடிபோட்ட தகர டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்போரிடம் கொடுப்பதே சரி.

கழுவித் துடைத்த தகடு வெள்ளிபோல் மின்னும். அந்த அழகை நம்பி இரவு முழுதும் அப்படியே வைத்தால் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். அன்று மாலைக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். கறுப்பா, பச்சையா என்பதை மறுநாள் வீட்டில் கூடிப் பேசிக்கொள்ளலாம்.