வண்டிக்குச் சாவியை அடையாளம் தெரியல!

எங்க தெருவுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்க பெரியப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. பெரியப்பா ஓடிப்போய் சாவியைத் திருகினார். ‘கிர்ர் கிர்ர்’னு சத்தம் வருது, ஆனா இன்ஜின் பிடிக்கல. பிள்ளையார் கோயில் வரைக்கும் தள்ளிப் பார்த்தோம். ஊஹூம்! அப்புறம் 108-க்கு போன் செய்தோம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அக்கா திண்ணையில உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணுல நிற்குது. நல்லவேளை, அக்காவும் பாப்பாவும் நலம்.

காலையில் மெக்கானிக் அண்ணன் வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்ல! சாவியைப் போட்டு மீட்டரைப் பார்த்தார். சாவி படம் போட்ட சின்ன லைட் வேகமா சிமிட்டியது. “ரிப்பேர் இல்லண்ணே, வண்டிக்கு உங்க சாவியை அடையாளம் தெரியல” என்றார்.

எனக்கு ஒண்ணும் புரியல. அவரிடமே கேட்டேன். திருட்டைத் தடுக்க கார்களில் ‘இம்மொபிலைசர்’ என்று ஒன்று இருக்கிறதாம். சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு குட்டி சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருகியதும் சுருளில் காந்தப்புலம் உண்டாகும். அதிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓட விடும். எரிபொருளையே நிறுத்திவிட்டால் தள்ளி என்ன பிரயோஜனம்? ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம்.

சரி, நேற்று வரை தெரிந்த சாவி இன்று ஏன் தெரியல? அண்ணன் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். முந்தின நாள்தான் பெரியப்பா முதலாளியின் இன்னொரு கார் சாவியையும் அதே வளையத்தில் மாட்டியிருந்தார். இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பேசினால் வண்டிக்கு எது கேட்கும்? நம்ம வகுப்பு மாதிரிதான்! அதைக் கழற்றிவிட்டுத் திருகியதும் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

எல்லா வண்டிக்கும் இதே காரணம்னு சொல்ல முடியாது. சத்தமே வராமல் ஹெட்லைட்டும் மங்கலாக எரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் பார்க்கணும். சாவி போட்ட பிறகும் அந்த லைட் சிமிட்டினால் சாவியைச் சந்தேகப்படணும். (பூட்டி நிற்கிற வண்டியில் மெதுவா சிமிட்டினால் பயப்பட வேண்டாம், அது காவல்தான்.) கூட இருக்கிற சாவிகளைக் கழற்றணும். அப்பவும் வரலைன்னா வீட்டில் வைத்திருக்கும் இரண்டாவது சாவியைப் போடணும். அதில் ஓடினால் முதல் சாவியின் சிப் போச்சு. இரண்டிலும் ஓடாவிட்டால் சுருளோ வயரோ பழுதாக இருக்கலாம், மெக்கானிக் கருவி வைத்துத்தான் பார்க்கணும். சிப் இல்லாமல் கடையில் வெட்டிய சாவி கதவைத் திறக்கும், இன்ஜினை ஓட்டாது.

“லைட் சிமிட்டினதை அப்பவே பார்க்கலையா பெரியப்பா?” என்று கேட்டேன். “பார்த்தேன்மா, சும்மா அழகுக்குன்னு நினைச்சேன்” என்றார்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி