தாலி, பதிவு, பாஸ்



கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயிரின் வேர் ஒரு நாட்டிலும் கிளை இன்னொரு நாட்டிலும் இருந்துவிட்டால் என்ன செய்வது? கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் என்று நம் வட்டாரத் தோட்டங்களில் இந்தக் கேள்வி புதியதல்ல. மகனுக்குத் தமிழ்நாட்டில் பெண் எடுக்கிறோம். மகளைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறோம். பத்திரிகை அடிக்கிறோம், பந்தல் போடுகிறோம். ஆனால், மணமக்கள் ஒரே கூரையின்கீழ் வாழ எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகுதான் பலர் விசாரிக்கிறோம். அந்த வழியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினால் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கலாம். கணவன் முன்னே வந்தான். மனைவி பின்னே வந்தாள். 1953-ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்ததும் அந்த அகன்ற கதவு ஒடுங்கியது. பிறகு, 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் 1969-க்குப் பின் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. அன்று நம்மவர் பலர் பட்ட துன்பத்துக்குக் காரணம் உழைப்புக் குறைவல்ல. உரிய காலத்தில் உரிய தாளை எடுத்து வைக்காததே. அந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டிய வரிசை மூன்றே சொற்கள்தான்: தாலி, பதிவு, பாஸ். இவற்றுள் நடுவில் உள்ளதைத் தாண்டிக் குதிக்கிறவர்களே பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் பதிவு. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அன்று முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டத்தின் கண்ணில் திருமணம். கோயிலில் தாலி கட்டியிருக்கலாம், ஊரே வந்து வாழ்த்தியிருக்கலாம். ஆனால், பதிவுப் பத்திரம் இல்லையென்றால், குடிநுழைவு அதிகாரியின் முன்னால் அந்த இருவரும் கணவன் மனைவி அல்லர்.

மணப்பெண் தமிழ்நாட்டவர் என்று வைத்துக்கொள்வோம். பதிவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அங்கேயே திருமணம் செய்து, அங்கேயே பதிவு செய்வது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். பிறகு, திருமணம் நடந்த 6 மாதத்துக்குள் நம் நாட்டுச் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும். அதைச் சென்னையில் இருக்கும் மலேசியத் தூதரகத்தில் செய்யலாம். அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கே தேசியப் பதிவு இலாகாவில் செய்யலாம்.

மற்றொரு வழி, பெண்ணை இங்கே அழைத்து வந்து பதிவது. இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் வந்து 30 நாட்கள் வரை தங்கலாம் என்ற சலுகை நடப்பில் இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 30 நாள் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால், பதிவுக்கு அறிவிப்புக் கொடுப்பதற்குமுன் அந்தப் பதிவு வட்டாரத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு வெளியிட்ட பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஏழும் இருபத்தொன்றும் இருபத்தெட்டு. மிச்சம் இரண்டே நாள்! நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தால், அல்லது பெண் மணமாகாதவர் என்பதற்கான அத்தாட்சி ஒரு வாரம் தாமதித்தால், கணக்கு உடைந்துவிடும். ஆகவே, அங்கேயே பதிந்துவிட்டு, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவதே நிதானமான வழி.

அடுத்தது பாஸ். சுற்றுலாவாகக் கிடைக்கும் அந்த 30 நாள், வாசற்படியில் நிற்பதற்கான அனுமதி; வீட்டுக்குள் குடியிருப்பதற்கான அனுமதியல்ல. குடிமகனின் மனைவிக்கோ குடிமகளின் கணவனுக்கோ உரிய பாஸ், நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ் என்பதாகும். கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். நம் நாட்டுக் குடிமகனான துணையே பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். சிலாங்கூர் மாநிலத்துக்கு இதற்கான அலுவலகம் ஷா ஆலாமில் இருக்கிறது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அங்கே சென்று, எந்தெந்தப் பத்திரம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

தங்கும் நாள் முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். “நாள்தானே தாண்டிவிட்டது, தோட்டத்துக்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள்” என்று இருந்துவிடக் கூடாது. 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி, நாள் கடந்து தங்கினால் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, 5 ஆண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டால் அந்தப் பட்டை பழையபடி ஆவதில்லை. குடிநுழைவுப் பதிவில் விழும் குற்றமும் அப்படித்தான்.

பாஸ் கிடைத்த மறுநாளே மனைவியைப் புல்வெட்டவோ தொழிற்சாலைக்கோ அனுப்பிவிடவும் கூடாது. துணைவர் பாஸில் இருப்பவர் வேலை செய்யலாம். ஆனால், அதற்கான அனுமதியைக் குடிநுழைவுத் துறை பாஸிலேயே பதிந்து தர வேண்டும். அதன்பின், இந்தப் பாஸில் தொடர்ந்து 5 ஆண்டு வாழ்ந்தவர் நிரந்தர வசிப்பிடத்துக்கு, அதாவது சிவப்பு அடையாளக் கார்டுக்கு, விண்ணப்பிக்கலாம். அதற்கும் பிறகே மனைவிக்குக் குடியுரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2024-இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் மலாய் மொழி அறிவையும் தகுதியாகச் சேர்க்கிறது. வந்த நாள் முதலே மருமகளுக்கு மலாய் பேசக் கற்றுக்கொடுங்கள். அது கடையிலும் மருத்துவமனையிலும்கூட உதவும்.

நம் பெண் வெளிநாட்டு ஆணை மணந்தால் நிலைமை வேறு. பாஸ் அவருக்கும் உண்டு. ஆனால், 15-ஆம் பிரிவு மனைவிக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டுக் கணவர் 19-ஆம் பிரிவின்படி, 12 ஆண்டுக் காலத்தில் மொத்தம் 10 ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்திருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். தோட்டத்துக்குத் தற்காலிக வேலைப் பாஸில் வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி இங்கே திருமணம் செய்யக் கூடாது என்பது அந்தப் பாஸின் நிபந்தனை. இளவயது மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் கடமை.

இவ்வளவையும் நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்க்கும் பிள்ளைகள். முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிறப்புப் பத்திரத்தைக் கேட்கிறோம். சில பத்திரங்களில் குடியுரிமைக் கட்டத்தில் ‘குடிமகன் அல்ல’ என்று இருக்கிறது. அப்பா இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நீலக்கார்டுக்காரர். பிள்ளையும் இந்த நாட்டிலேயே பிறந்தது. குறை எங்கே? பிள்ளை பிறந்த நாளில் பெற்றோர் திருமணம் பதிவாகியிருக்கவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் நிலையையே பெறும், தாய் வெளிநாட்டவர். தாலி கட்டிய நாளிலேயே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் காரியம், அந்தப் பிள்ளையைப் படிவம் ஆறு வரைக்கும், வேலை தேடும் நாள் வரைக்கும் துரத்துகிறது. பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

இனி, நம் பெண்கள் கணவனைத் தேடி வெளியே போகும் வழி. சிங்கப்பூரில் ‘வொர்க் பெர்மிட்’டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. ‘எஸ் பாஸ்’ அல்லது ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ உள்ளவர், நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருந்தால்தான் மனைவிக்குச் ‘சார்ந்திருப்போர் பாஸ்’ கேட்கலாம். மாப்பிள்ளை அந்நாட்டுக் குடிமகன் என்றால், திருமணத்துக்கு முன்பே நீண்டகால வருகைப் பாஸ் கிடைக்குமா என்று மதிப்பிட்டுக் கடிதம் தரும் ஏற்பாடு அங்கே உண்டு. ஆகவே, ‘மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை’ என்ற பேச்சோடு நிறுத்தாமல், ‘என்ன பாஸ், என்ன சம்பளம்’ என்று கேளுங்கள். ஜாதகம் பார்ப்பதைவிட இது குறைந்த செலவு.

தூர நாடுகளிலும் இதே விதிதான்: நிச்சயித்தவருக்கு ஒரு விசா, மணந்தவருக்கு வேறு விசா. அமெரிக்காவுக்கு நிச்சயித்தவர் விசாவில் போனால் 90 நாளுக்குள் அங்கே திருமணம் நடக்க வேண்டும். பிரிட்டனில் அது 6 மாதம். அந்தக் காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. இங்கே திருமணத்தைப் பதிந்துவிட்டவர் நிச்சயித்தவர் விசாவைக் கேட்க முடியாது. எனவே, எந்த நாட்டில் பதிவது என்பதை விசாவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு சொல். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கடப்பிதழைக் கொடுங்கள்” என்று வரும் தரகரிடம் கடப்பிதழையும் பணத்தையும் ஒப்படைத்துவிடாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லையென்றால் பள்ளி ஆசிரியரிடம் வாருங்கள். மாலையில் அரை மணி நேரம் அதற்காகக் கட்டாயம் உண்டு. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், கடப்பிதழ் ஆகியவற்றுக்கு இரண்டு இரண்டு பிரதி எடுத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மழைநீர் படாத இடத்தில் வையுங்கள். நகை இருக்கும் பெட்டியைவிட அந்த டின்னுக்குத்தான் அதிகக் காவல் வேண்டும்.

தாலி, பதிவு, பாஸ். இந்த வரிசையில் போகிற குடும்பம் சேர்ந்து வாழும்.