மறைக்கப்படும் இருமல்

தொழிற்சாலையில் ஒருவருக்குத் தொற்றுநோய் என்ற சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? நோயாளியை வெளியே அனுப்புவதல்ல, அவர் சம்பளத்துக்கு உத்தரவாதம் தருவது.

சத்தியவேட்டுக்காரர்களுக்கு எல்லைக்கோடு புதிய விஷயமல்ல. 1960இல் பட்டாஸ்கர் சிபாரிசின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த இந்தப் பகுதி ஆந்திராவுக்குப் போயிற்று. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் தெலுங்கு என்று பழகிவிட்ட ஊர். இன்று அதன் பக்கத்தில் ஸ்ரீசிட்டி. செல்போன், சாக்லேட், மெட்ரோ ரயில் பெட்டி என்று சகலமும் தயாரிக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். பஸ்ஸில் தோளோடு தோள். கேன்டீனில் ஒரே மேஜை. விடுதியில் பலருக்கு ஓர் அறை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தால்? சரியானதும் வா என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரியும். ஆனால் அவருக்குச் சம்பளம் போனதைப் பார்த்த அடுத்தவர், காய்ச்சல் வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறுவார். நோய் பரவுவதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதை ஒரகடம் காட்டியது. 2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை. தமிழகத்தில் ஊரடங்கு, கார் ஆலைகளுக்கு விலக்கு. இடைவெளி விதிகள் பின்பற்றப்படவில்லை என்று ரெனோ-நிஸ்ஸான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நிர்வாகம் மறுத்தது. வேலைக்கு வர மாட்டோம் என்று சங்கம் அறிவித்தது. மே 26 முதல் சில நாட்கள் ஆலை மூடப்பட்டது. அதே வாரம், தொழிலாளர் எதிர்ப்புக்குப் பின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உள்ள ஹூண்டாய் ஆலையும் நின்றது. அரசு அதிகாரிகள் ஒரகடம் ஆலையைப் பார்வையிட நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரும் அசெம்பிளி வரிசையில் எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்பது வரை விவாதம் நீண்டது. ஆலைக்குள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் கோர்ட் படி ஏறியது.

கொரோனா அலைகள் ஓய்ந்துவிட்டன. காசநோய் ஓயவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். இதுவும் காற்றில் பரவுவதுதான். ஆனால் நோயாளியை ஒதுக்கிவைத்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற எண்ணத்தைத் தகர்த்தது நம் சென்னையே. 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில், 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும் மறுபாதியினர் நெரிசலான சொந்த வீடுகளிலும் சிகிச்சை பெற்றார்கள். குணமடைந்ததில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்தும் நேரவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோயைப் பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்து, மருந்து சாப்பிடுபவரால் அல்ல, பரிசோதனைக்கே போகாதவரால்.

ஆகவே சந்தேகம் வந்ததும் செய்ய வேண்டியவை எளிமையானவை. அவருக்கு ஒரு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான தனி அறையில் உட்கார வைக்க வேண்டும். கம்பெனி செலவில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இன்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டர், சூப்பர்வைசர் அல்ல. நோய் உறுதியானால் அதே அறையில் தங்கியவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், வரிசையில் அருகே நின்றவர்கள் ஆகியோருக்கும் பரிசோதனை வேண்டும். அவர் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டவோ, கேன்டீனில் பேசவோ கூடாது. காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது, 2012 முதல், சிகிச்சை தரும் டாக்டரின் கடமை. நோயாளி எல்லை தாண்டிச் சொந்த ஊருக்குப் போனாலும், 'நிக்ஷய்' கணினிப் பதிவு மூலம் அங்கே சிகிச்சையைத் தொடரலாம். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு கிடையாது.

சம்பளம்? இ.எஸ்.ஐ. திட்டத்தில், நோய் விடுப்பில் இருப்பவருக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய் போன்ற நீண்டகால நோய்க்கு 80 சதவீதம், இரண்டாண்டு வரை. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் முதல் வகை உதவி. நீண்டகால உதவிக்கோ இரண்டாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். போன மாதம் கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்த, கிராமத்துக்குப் பணம் அனுப்ப வேண்டிய இருபது வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே கிடையாது. இருமலை மறைப்பதற்கு வலுவான காரணம் இருப்பதும் அவருக்குத்தான்.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது கம்பெனி. புதிதாகச் சேர்ந்தவருக்கும், கான்ட்ராக்ட் ஆளுக்கும், பரிசோதனை முடிவு வரும்வரை முழுச் சம்பளம்; குணமானதும் அதே வேலை. இதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, வேலையில் சேரும் நாளிலேயே கையில் கொடுக்க வேண்டும். ஒரு ஆலை சில நாட்கள் மூடிக்கிடந்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பெரிதல்ல.