கெடா தோட்டங்களின் தப்பும் உறுமியும்: கலைஞர் நினைவுகளைச் சான்றாகக் கொள்வது குறித்து

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்ட நிர்வாகம், தொழிலாளர் இலாகா ஆகியவற்றின் ஆவணங்களையும் நாளிதழ்களையும் சங்க மலர்களையுமே பெரிதும் சார்ந்திருக்கின்றனர். இச்சான்றுகளில் ஏறத்தாழ இடமே பெறாத ஒரு பிரிவினர் தோட்டத்துத் தோற்கருவிக் கலைஞர்கள் ஆவர். கோயில் திருவிழா, தீமிதி, காவடி, திருமணம், இறப்பு என்று தோட்ட வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் அவர்களுடைய ஒலி இருந்தது. ஆனால், எழுத்தில் அவர்கள் இல்லை. அவர்களைப் பற்றி நாம் அறியக்கூடியவற்றுள் பெரும்பகுதி அவர்களுடைய நினைவுகளிலும் கருத்துகளிலும்தான் இருக்கின்றது. அந்நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் அவற்றை நம்பத்தகாதவை எனத் தள்ளிவிடும் போக்கு நம்மிடையே உண்டு. அம்முரண்பாடே முதன்மையான சான்று என்பதைக் கெடா மாநிலத் தோட்டங்களையும் நகரங்களையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தப்பு: கருவியும் கடமையும்

தோட்டத்தில் தப்பு என்று வழங்கப்பட்டது, தமிழகத்தில் பறை எனப்படும் ஒருமுகக் கருவியே ஆகும். மரபுமுறையில் வேம்பு போன்ற மரத்தின் வளைந்த மூன்று துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்து வளையமாக்கி, புளியங்கொட்டைப் பசை கொண்டு கன்றின் தோலை அதன்மேல் ஒட்டுவர். ஒரு கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் மறுகையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும் கொண்டு இதனை இசைப்பர். ஈரக்காற்றில் தோல் தளரும் என்பதால் வாசிப்பதற்கு முன்னர் வைக்கோல், காகிதம் முதலியவற்றைக் கொளுத்தி அனலில் காட்டுவது இன்றியமையாதது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நம் நாட்டில் இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. இடையிடையே நெருப்பைச் சுற்றிக் கலைஞர்கள் கூடுவதும், ஒலியைத் தட்டிப் பார்ப்பதும், இளையவனுக்கு மூத்தவர் அடியைச் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான் நடந்தன. தப்பின் பள்ளிக்கூடம் அந்த நெருப்பே எனலாம்.

தமிழிலக்கணத்தில் பறைக்குக் கிடைத்த இடம் உயர்ந்தது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகின்றது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையை உரையாசிரியர்கள் காட்டுவர். மேடைகளில் இச்செய்தியை நாம் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறோம். ஆனால், கங்காணிகளின் வழியாக மலாயாவுக்கு வந்தபோது கருவியோடு கூடவே வந்தது திணைக்கோட்பாடு அன்று, சாதிக் கடமை. சாவுக்குத் தப்படிப்பது ஆதிதிராவிடக் குடும்பங்களின் வேலை என்ற ஊர்வழக்கம் லயங்களிலும் தொடர்ந்தது. 1970இல் வெளிவந்த ரவீந்திர ஜெயினின் தோட்ட ஆய்வும், 1984இல் இராஜகிருஷ்ணன் இராமசாமி மலேசியத் தமிழரின் சாதியுணர்வு குறித்து எழுதிய நூலும், கடல் கடந்த பின்னரும் சாதி எவ்வாறு வடிவம் மாறி நிலைத்தது என்பதை விரிவாகவே காட்டியுள்ளன. பகலில் எல்லாரும் ஒரே பெரட்டில் நின்றனர். ஒரே பால்மர நிரையில் வேலை செய்தனர். ஒருவர் இறந்த வீட்டில்தான் யார் தப்பெடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

ஆகவே, தப்பைக் கைவிட்டவர்களின் மனநிலையையும் நாம் மதித்தே ஆராய வேண்டும். தமிழகத்தில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பறையடிப்பதையும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதையும் மறுக்கும் போராட்டங்களை நடத்தினர். பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்ததையொட்டி இங்கும் சீர்திருத்தக் கருத்துகள் வேகம் பெற்றன. இனித் தப்பெடுக்க மாட்டோம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்ததைக் கலையின் அழிவு என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அது ஒரு விடுதலையும்கூட. அம்முடிவை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே கருவியை மேடையில் ஏந்துகின்றனர் என்பதுதான் நம் ஆய்வுக்குரிய சிக்கல்.

ஆவணத்தில் இருக்கும் படையும் இல்லாத குழுவும்

கெடா தோட்டங்களிலிருந்து எழுந்த ஓர் அணியை மட்டும் வரலாறு நன்கு நினைவில் வைத்துள்ளது. அது தொண்டர் படை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தலைமையில் இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று போராடினர். 1947ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல் துறையினரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சில நாள்களில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அரசுக்கு அது ஒழுங்குப் பிரச்சினையாக இருந்தமையால் கோப்புகளில் இடம்பெற்றது. பின்னர் சார்ல்ஸ் காம்பா, மைக்கேல் ஸ்டென்சன் முதலிய ஆய்வாளர்களின் நூல்களுக்கும் வந்தது. அதே தோட்டங்களில் அதே தலைமுறையினர் திருவிழாவுக்குத் தப்படித்தனர். அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆகவே, கோப்பும் இல்லை.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. தப்படித்தவருக்குக் கள்ளும் கூலியின் ஒரு பகுதியாகத் தரப்படும் வழக்கம் பரவலாக இருந்தது. கள்ளை எதிர்த்த சீர்திருத்த மனம் கள்ளோடு ஒட்டியிருந்த கருவியையும் ஐயத்தோடுதான் பார்த்திருக்கும். இது என் கருத்து. நேரடிச் சான்று காட்ட இயலாது. எனினும், சீர்திருத்தக் காலத்தவர் சிலரிடம் தப்பைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முதலில் குடியைப் பற்றியே பேசத் தொடங்குவது கவனிக்கத்தக்கது.

தப்பிலிருந்து உறுமிக்கு

இன்று சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ தோற்கருவிக் குழு என்றால் மக்கள் மனத்தில் தோன்றுவது உறுமி மேளமே. நடுவில் இடுங்கி இருபுறமும் விரிந்த உடல் கொண்ட இருமுகக் கருவி உறுமி. ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து இழுப்பர். அவ்வாறு இழுக்கும்போது எழும் நீண்ட அடித்தொனிதான் கருவிக்குப் பெயரைத் தந்தது. (குழுக்களின் சட்டைகளில் பெரும்பாலும் ‘உருமி’ என்றே அச்சிடப்பட்டுள்ளது. உறுமுதல் என்னும் வினையிலிருந்து வந்தது என்று மாணவர்க்குச் சொன்னால் வல்லின றகரம் மறக்காது.) காவடி எடுப்பவருடைய நடையும் அருள்நிலையும் இந்த இழுப்பையும் அதன் மீது விழும் அடியின் வேகத்தையும் ஒட்டியே அமைகின்றன.

தப்பின் இடத்தை உறுமி பெற்றதற்குப் பல காரணங்களைக் கலைஞர்கள் கூறுவர்: ஒலி பெரிது, காவடிக்குப் பொருத்தம், திரைப்படங்களின் செல்வாக்கு. இவற்றோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். உறுமி ஒரே சாதியின் பெயரோடு ஒட்டாத கருவி. தமிழகத்தில் அது பல சமூகத்தாரிடம் இருந்தது. கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்தில் தேவதுந்துபி என்ற பெயரால் மதிப்புக்குரிய இடத்தையும் பெற்றிருந்தது. ஒரு தோட்டத்து இளைஞன் உறுமியைத் தோளில் மாட்டும்போது ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. தப்பு பிறப்பால் வந்த கடமை. உறுமிக் குழு தாமாகச் சேர்ந்துகொள்ளும் கூட்டம். அதற்கு ஒரு பெயர், ஒரே நிறச் சட்டை, ஒரு தலைவர், ஒரு பயிற்சி நாள் உண்டு. கடமை விருப்பமாக மாறியது இங்கேதான்.

இம்மாற்றத்தைத் தோட்டங்களின் சிதைவோடு இணைத்தே காண வேண்டும். 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. அதற்கு எதிராக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் என்பதை ஆசிரியர்கள் அறிவர். பிற்காலத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எஞ்சிய லயங்களைக் காலி செய்தன. பாடாங் செராய், லூனாஸ், பீடோங் முதலிய சிறுநகரங்களின் தாமான்களில் குடியேறிய பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது பெற்றோர் சொன்ன கதை. வெவ்வேறு தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேர்ந்தனர். செயற்கைத் தோலும் திருகாணி கொண்டு இறுக்கும் வளையமும் வந்தன. அனல் காட்டும் தேவை ஒழிந்தது. நெருப்பைச் சுற்றி நடந்த கற்பித்தலும் அதனோடு போயிற்று. புதிய குழுவினர் ஒலிப்பதிவுகளைக் கேட்டும் ஒருவரையொருவர் பார்த்தும் கற்கின்றனர்.

வெளியார் கருத்தும் உள்ளார் கருத்தும்

உறுமிக் குழுக்களைப் பற்றி வெளியிலிருந்து சொல்லப்படும் கருத்துகள் ஏராளம். திரைப்பாட்டு மெட்டுகளும் ஆட்டமும் தைப்பூசத்தின் புனிதத்தைக் குலைக்கின்றன என்று சமய அமைப்புகள் பலமுறை கண்டித்துள்ளன. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலை வெளியிட்ட பின்னர், இந்திய இளைஞர் கூட்டம் கூடினாலே குண்டர் கும்பல் என்று ஐயுறும் மனப்பான்மை மேலும் வலுத்தது. சிங்கப்பூர் இதைவிடக் கடுமையான வழியில் சென்றது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் 1973இல் தடைசெய்யப்பட்டன; குழுக்களிடையே எழுந்த போட்டியும் பூசலும் காரணமாகக் கூறப்பட்டன. 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2016 முதல் ஊர்வலப் பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. தடை இருந்த நாட்டிலிருந்து பார்க்கும்போது, கெடாவின் சிறுநகரங்களில் ஒலி தொடர்ந்தது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது விளங்கும்.

உள்ளிருந்து வரும் கருத்துகளை அவ்வளவாக எவரும் கேட்பதில்லை. குழுவினரிடையே விவாதம் கடுமையாகவே நடக்கின்றது. தோலா, செயற்கைத் தோலா; சாமிப்பாட்டு மட்டுமா, திரைப்பாட்டுக்கும் இடமுண்டா; சாவு வீட்டுக்குப் போகலாமா; பெண்கள் வாசிக்கலாமா; போட்டிகள் கலையை வளர்த்தனவா, அடியின் வேகத்தை மட்டும் வளர்த்தனவா என்றெல்லாம் அவர்கள் வாதிடுவர். கடைசிக் கேள்வியில் நான் மூத்தவர்கள் பக்கம். மெதுவான நடைகளைக் கேட்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்துவருகின்றது.

வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட காலத்தில் அமெரிக்காவின் டிரம் கோர் எனப்படும் முரசு அணிகளைப் பற்றி அறிந்தேன். முதல் உலகப் போர் வீரர்களின் சங்கங்களும் தேவாலயங்களும் ஆதரித்த அவ்வணிகள் 1971இல் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டன. பழைய உறுப்பினர்கள் தம் நினைவுகளையும் சச்சரவுகளையும், கருவி மாற்றம் குறித்த கோபங்களையும்கூட எழுதி வைத்துள்ளனர். அவர்களுடைய வரலாறு எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் அவர்கள் எழுதினார்கள் என்பதே. நம் குழுக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நமக்கும் கேட்கும் பழக்கம் இல்லை.

நம்மையொத்த புலம்பெயர் சமூகங்களிலும் கேட்கத்தக்கவை உண்டு. குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் தமிழ் வழிபாட்டில் ஒலிக்கும் கருவி இன்றும் தப்பு என்ற சொல்லின் திரிபாலேயே அழைக்கப்படுகின்றது. ரீயூனியன் கோயில்களிலும் அனலில் காய்ச்சிய தோல் முழங்குகின்றது. மொழியை இழந்தும் கருவியை இழக்காத சமூகங்கள் அவை. மொழியைக் காத்த நாம் கருவியை ஏன் ஒளித்துவைத்தோம் என்ற கேள்வியை அவை நம் முன் வைக்கின்றன. இலங்கை மலையகத்தில் தப்பு காமன் கூத்தோடு பிணைந்து நிலைத்தது. தமிழகத்திலோ தலித் கலை இயக்கங்கள் பறையை இழிவின் குறியிலிருந்து மீட்டன. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது அம்முயற்சிகளின் நீண்ட பயனாகும்.

பதிவு செய்யும் முறை பற்றிச் சில

இம்மீட்பின் அலை இங்கும் வந்துள்ளது. இளைஞர்கள் ‘பறை’ என்கின்றனர்; மூத்தவர்கள் ‘தப்பு’ என்றே சொல்கின்றனர். அச்சொல்லைத் திருத்த முற்படுவது ஆய்வாளர் செய்யக்கூடாத முதற்செயல். பெரியவர் எச்சொல்லைச் சொல்கிறார், யார் முன்னிலையில் சொல்கிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார் என்பனவும் தரவுகளே. பேரன் பெருமையாகச் சொல்வதும் தாத்தா சொல்ல மறுப்பதும் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இப்பணிக்கு நம்மைவிட அருகில் இருக்கின்றனர். இடம்மாறிய தோட்டப் பள்ளிகள் பலவற்றில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே பயில்கின்றனர். ஆயினும், சாதியைத் தொடும் கேள்வியை மாணவர் வாயிலாக வீட்டுக்கு அனுப்புவது தகாது. ஆசிரியரே நேரில் செல்ல வேண்டும். பெயரை வெளியிடலாமா என்று கேட்டறிய வேண்டும்.

அடிகளைப் பதிவு செய்வோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நன்று. திருமண அடி, சாமி அழைக்கும் அடி, சாவு அடி ஆகியவற்றின் வேறுபாட்டைச் சொல்லால் விளக்கக்கூடியவர் குறைவு. கருவி கைவிட்டுப் போனவர்கள்கூட மேசையின்மேல் விரலால் தட்டிக் காட்டிவிடுவர். ஆனால், சாவு அடியை மட்டும் வீட்டினுள் தட்டிக்காட்ட மறுப்பவர்கள் பலர். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அவரோடு வாசலைக் கடந்து வெளியே சென்றுதான் அதனைப் பதிவு செய்ய வேண்டும்.