கலக் கருவினுட் செல்லும் கட்டளை

நம் உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. அவற்றுள் மிகப் பலவற்றின் அகத்தே கரு என்னும் உறுப்பு உளது. மனிதக் கலமொன்றின் கருவினுட் சுருண்டு கிடக்கும் டி. என். ஏ. இழைகளை நீட்டித் தொடுப்பின், அவை ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் இருக்கும். ஈரற் கலத்திலும் தசைக் கலத்திலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. ஆயினும் அவ்விரு கலங்களும் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. எந்தப் பரம்பரையலகு எப்பொழுது தொழிற்படல் வேண்டும் என்பதைக் கருவுக்கு அறிவிப்பது யாது? இவ்வினாவுக்கு விடை காண உதவிய ஆய்வொன்றை ஈண்டு நோக்குவாம்.

இந்திய மரபினரான ரஞ்சன் சென் என்பார், 1975 இல் நோபெல் பரிசு பெற்ற டேவிட் பால்ரிமோரின் ஆய்வுகூடத்தில் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். அவ்வாய்வுகூடம் அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்து வைற்கெட் நிறுவனத்தைச் சார்ந்தது. நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைத் தருவன பி நிணநீர்க்குழியங்கள். பிறபொருளெதிரியின் ஒரு பகுதியாகிய கப்பாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகில், அதன் தொழிலைத் தூண்டும் டி. என். ஏ. துண்டொன்று உளது. அத்துண்டைப் பற்றும் புரதம் யாது எனச் சென் தேடினார்.

கருவிலிருந்து பிரித்தெடுத்த சாற்றுடன், கதிர்த்தொழிற்பாட்டால் அடையாளமிட்ட டி. என். ஏ. துண்டுகளைக் கலந்து, மின்னோட்டத்தின் துணையால் ஜெல்லினூடே ஓடவிட்டார். தனித்த துண்டு விரைந்தோடும். புரதம் பற்றிய துண்டோ பின்தங்கும். இம்முறையால், பத்தெழுத்துக் கொண்ட ஒரு தொடரை இனங்கண்டு பற்றும் புரதம் புலப்பட்டது. அதற்கு என். எவ். கப்பா பி என்று பெயரிட்டு 1986 இல் வெளியிட்டனர்.

முதிராத பி குழியங்களின் கருவில் இப்புரதம் காணப்படவில்லை. பற்றீரியச் சுவரின் பொருளொன்றைச் சேர்த்ததும் அது தோன்றியது. அஃது அப்பொழுதுதான் புதிதாக ஆக்கப்பட்டதோ? புரத ஆக்கத்தையே தடுக்கும் மருந்தை இட்டுச் சோதித்தனர். அப்பொழுதும் அது தோன்றியது. எனவே, புரதம் கலத்தினுள் முன்னரே இருந்திருத்தல் வேண்டும்.

எங்கே இருந்தது? கருவுக்குப் புறத்தேயுள்ள குழியவுருவில், தடைப்புரதமொன்றால் கட்டுண்டு கிடந்தது என்பதைப் பொயர்லே, பால்ரிமோர் என்போர் 1988 இல் காட்டினர். தடைப்புரதத்தின்மீது பொசுபேற்று ஏறின் கட்டு அவிழும் என்பதைச் சங்கர் கோஷும் பால்ரிமோரும் 1990 இல் நிறுவினர். உடலில் அத்தடைப்புரதம் பின்னர் சிதைக்கப்படுகின்றது. விடுபட்ட புரதம் சில நிமிடங்களுள் கருவினுட் புகுகின்றது.

இவ்வேற்பாட்டின் பயன் யாது? பயிர் வாடியபின் மழையை எதிர்நோக்கியிருப்பாரல்லர் நம் பகுதி உழவர். தேக்கிய நீரை மடை திறந்து வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுவர். அதுபோலவே, காலில் முள் தைத்துப் பற்றீரியங்கள் புகுந்தவிடத்து, புதுப் புரதம் ஆக்கும் வரை கலம் காத்திராது, ஆயத்தமாயுள்ள புரதத்தை விடுவிக்கின்றது.

மடையைத் திறந்தவர் அதனை அடைத்தலும் வேண்டும். இன்றேல் பயிர் அழுகும். கருவினுட் புகுந்த இப்புரதம் தூண்டும் பரம்பரையலகுகளுள் தடைப்புரதத்துக்குரியதும் ஒன்று. புதிதாய்ப் பிறந்த தடைப்புரதம் கருவினுட் சென்று, அதனை டி. என். ஏ. யிலிருந்து நீக்கி, மீண்டும் குழியவுருவுக்குக் கொணர்கின்றது. தன்னை அடக்குவதைத் தானே ஆக்குவிக்கும் இவ்வொழுங்கு பெரிதும் வியத்தற்குரியது. இது குலைந்து கட்டளை ஓயாது நிகழின் அழற்சி நீடிக்கும். மூட்டுவாதம், சிலவகைக் குருதிப் புற்றுநோய்கள் ஆகியவற்றில் இப்புரதத்தின் மிகைத்தொழில் காணப்படுகின்றது. முற்றாக அடக்குவோமெனின் நோயெதிர்ப்பே தளரும். மருந்து காண முயல்வோரின் இடர்ப்பாடு இதுவே.

பி குழியத்தின் பெயரால் வழங்கும் இப்புரதம் ஏறக்குறைய எல்லாவகைக் கலங்களிலும் உண்டெனப் பின்னர் அறியப்பட்டது. கருவில் காணாமையைக் கொண்டு கலத்திலேயே இல்லையென முடிபு கூறாது, மேலும் ஒரு சோதனை செய்து பார்த்தமையாலன்றோ இத்துணையும் வெளிப்பட்டது! விஞ்ஞானம் பயிலும் மாணவர் உளங்கொள்ள வேண்டிய நெறி இஃதாகும்.