ரொட்டிக்குள் இருக்கும் டொலர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி. பல வருடம் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் ஒரு பேருக்கு 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது.

அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை இழுத்துப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. இரண்டே மாதத்தில் டொலர் 360 ரூபாய்க்குப் போய்விட்டது. கூலி அதே ஆயிரம்தான். ஆனால் 5 டொலராக இருந்தது 2 டொலர் 78 சதமாகிவிட்டது.

மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கும் டொலருக்கும் என்ன சம்பந்தம்? லயத்து அடுப்பில் வேகும் ரொட்டியைப் பாருங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. மா அத்தனையும் வெளிநாட்டுக் கோதுமையில் அரைத்தது. தொட்டுக்கொள்ளும் பருப்பும் கப்பலில் வருவது. அந்த அடுப்படியில் டொலர் கேட்காதது விறகு ஒன்றுதான்.

மறுபக்கமும் உண்டு. அவர் பறித்த கொழுந்து தேயிலையாகி டொலருக்குத்தான் விலைபோகிறது. டொலர் ஏறியபோது, கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி ரூபாய் விலை 2021ஐவிட 2022இல் ஏறத்தாழ இருமடங்கானது. உண்பதும் டொலர் கணக்கு, பறிப்பதும் டொலர் கணக்கு. நடுவில் இருக்கும் கூலி மட்டும் ரூபாய்க் கணக்கு. போதாததற்கு, 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததன் விளைவு செடியில் தெரிந்தது. கொழுந்து குறைந்தால் யார் பேர் பாதியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். எல்லா வீட்டுக்கும் இதே அடிதான் என்று நினைத்தால் தவறு. எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857இலேயே ஒன்றைக் காட்டினார்: வருமானம் குறையக் குறைய, செலவில் சாப்பாட்டின் பங்கு கூடிக்கொண்டே போகும். அந்த செப்டம்பரில் உணவு விலை 94.9 சதவீதம் ஏறியிருந்தது. மற்றவை 58 சதவீதம் அளவில். நூறு ரூபாயில் 25ஐச் சாப்பாட்டுக்குச் செலவிடும் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் அதன் பணவீக்கம் 67. அறுபது ரூபாய் செலவிடும் வீட்டுக்கு 80. செய்தியில் வாசித்த எண் இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது.

இந்தக் கூத்தில் வீட்டுக்குள் ஒன்றே ஒன்று ஏறியது: கழுத்துச் சங்கிலி. தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டொலரில் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே அசையாமல் இருந்தாலும், டொலர் 200இலிருந்து 360 ஆனால் இங்கே பவுன் விலை 80 சதவீதம் ஏறிவிடும். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்நியச் செலாவணியைத்தான் கழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர் தெரியாமலே. பொருளியல் படித்தவர்கள் தங்கத்தைத் தூங்கும் பணம் என்று கேலி செய்வதை நான் இப்போது ரசிப்பதில்லை. ஆனால் விற்க மனம் வராது, அடகுதான் வைப்பார்கள். அதே சங்கிலிக்கு முன்பைவிடக் கூடுதல் பணம் கையில் வரும். கூடுதல் பணம் என்றால் கூடுதல் கடன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. கடன் வட்டி எங்கும் ஏறியது. மீட்க முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், பணவீக்கம் 1.3 சதவீதம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் குறைந்தது ஏறும் வேகம். 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த ஆண்டு 169 ரூபாய் 80 சதம். அதற்கடுத்த ஆண்டு 172 ரூபாய். பழைய நூறுக்கு அது திரும்பவில்லை.

இதே கணக்கில் அந்தப் பழைய ஆயிரத்துக்கு ஈடு 1,720 ரூபாய். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி உயர்ந்தது, 1,350 ரூபாயாக.